சொல்லிச் சேர்ப்பதா, சேர்த்த பிறகு சொல்வதா?

விஜயதசமி நெருங்கினால் போதும். சென்னையில் தெருவுக்கு ஒரு பிளே ஸ்கூல் வாசலில் "அட்மிஷன் ஆரம்பம்" என்று பேனர் தொங்க ஆரம்பித்துவிடும். கார்ட்டூன் சுவர், பிளாஸ்டிக் சறுக்குமரம், ஏசி வகுப்பறை, சிசிடிவி... எல்லாம் பேனரிலேயே இருக்கும். உள்ளே போனால் ஒரு விண்ணப்பப் படிவம் நீட்டுவார்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, அப்பாவுக்கு என்ன வேலை, அம்மாவுக்கு என்ன வேலை. இதையெல்லாம் கடகடவென்று நிரப்பும் சில பெற்றோர், ஒரு வரி வந்ததும் பேனாவை நிறுத்திவிடுவார்கள். "குழந்தைக்குச் சிறப்புக் கவனம் ஏதும் தேவையா?"

மூன்று வயதுக் குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. "ஆமாம்" என்று எழுதினால் சீட் கிடைக்காது. "இல்லை" என்று எழுதினால் கிடைத்துவிடும், அப்புறம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். இப்படி நினைத்து "இல்லை" என்று எழுதிவிட்டு வரும் பெற்றோர் உண்டு.

எழுத வேண்டியது "ஆமாம்"தான். ஆனால் உண்மையைச் சொல்லும் பெற்றோர் முகத்தில் கதவைச் சாத்தும் பள்ளிகளை ஒரு வார்த்தை கேட்காமல், பெற்றோருக்கு மட்டும் புத்திமதி சொல்வது நியாயம் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

முதலில், ஏன் மறைக்கிறார்கள்? பயம்தான். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் கிடைக்கும் பதில்கள் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். "எங்ககிட்ட அதுக்கான டீச்சர் இல்லைங்க." "மத்த பேரண்ட்ஸ் அப்ஜெக்ட் பண்ணுவாங்க சார்." "முதல்ல பேச ஆரம்பிக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்." யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. ஆனால் போனும் திரும்பி வராது. நாலு இடத்தில் இதைக் கேட்டவர்கள் ஐந்தாவது இடத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் வேறு, "இவன் மாமாகூட அஞ்சு வயசுலதான் பேசினான், நீ ஏன் ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறே?" என்பார்கள்.

சரி, மறைத்துச் சேர்த்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும்?

ஆட்டிசம் என்பது தொற்றும் நோய் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பேச்சு தாமதப்படலாம். கேட்ட வார்த்தையையே திருப்பித் திருப்பிச் சொல்லலாம். கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம். ஒரு சில ஒலிகளும், வெளிச்சமும், மேலே யாராவது உரசுவதும் தாங்க முடியாத தொல்லையாக இருக்கலாம். வழக்கமாக நடப்பது திடீரென்று மாறினால் உலகமே இடிந்து விழுந்ததுபோல் அழலாம். ஒரு குழந்தைக்கு இருப்பது இன்னொரு குழந்தைக்கு இருக்காது.

இப்போது பிளே ஸ்கூலின் ஒரு சாதாரணக் காலையை நினைத்துப் பாருங்கள். மணி அடிக்கும், ஸ்பீக்கரில் ரைம்ஸ் அலறும், முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் கத்தும். இந்தக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அழும். விஷயம் தெரிந்த மிஸ் ஸ்பீக்கரை அணைப்பார். தெரியாத மிஸ் என்ன நினைப்பார்? பிடிவாதம், செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்துவார். குழந்தை கடிக்கும். மாலையில் அம்மாவுக்குப் புகார் வரும்.

பழி அம்மா மேல் விழுவது இன்று நேற்றுக் கதை இல்லை. அமெரிக்காவில் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகத்துக்கு அறிமுகம் செய்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், அன்பில்லாத தாய்மார்களால்தான் இது வருகிறது என்ற கருத்து அங்கே பரவியது. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் ஒரு புத்தகம் எழுதி அதை உடைத்தார். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. அங்கே அன்று உடைபட்ட கருத்து, நம் ஊர் பிளே ஸ்கூல் கேட்டில் இன்றும் "வீட்ல கொஞ்சம் கண்டிச்சு வளருங்கம்மா" என்ற உருவத்தில் நிற்கிறது.

இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ உண்மை வெளியே வரும். "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று பள்ளி கேட்கும். அந்தக் கேள்விக்குப் பெற்றோரிடம் பதில் இருக்காது. டேர்ம் ஃபீஸ் திரும்பி வராது. அது போனால் போகட்டும். மூன்று வயதில் ஒரு குழந்தையின் மூன்று மாதம் போய்விட்டது. அதோடு, பள்ளி என்றாலே இழுத்து நிறுத்துவார்கள், கத்துவார்கள் என்று அந்தக் குழந்தை கற்றுக்கொண்டிருக்கும். அடுத்த பள்ளியின் வாசலில் அந்தப் பாடத்தை மறக்கடிக்க எத்தனை மாதம் ஆகுமோ.

அதனால்தான் சொல்லிவிட்டுச் சேர்ப்பது மேல். முதல் நாளே "இல்லை" என்று சொல்லும் பள்ளியால் ஒரு நாள்தான் நஷ்டம்.

சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. போனவுடன் மெடிக்கல் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தால் எதிரில் இருப்பவர் மிரண்டுவிடுவார். அதற்குப் பதில் ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போகலாம். குழந்தைக்கு என்னவெல்லாம் பிடிக்கும் (தண்ணீர், சக்கரம், ஒரு குறிப்பிட்ட பாட்டு), எதெல்லாம் தொல்லை (மிக்ஸி சத்தம், பலூன் வெடிப்பது), வேண்டியதை எப்படிக் கேட்பான் (கையைப் பிடித்து இழுத்துப் போவான்), அழுதால் எப்படி அடங்குவான், என்ன சாப்பிடுவான், பாத்ரூம் பழக்கம் எந்த அளவில் இருக்கிறது. கடைசி வரியில் டாக்டர் சொன்ன பெயரை எழுதலாம். படிப்பவர் ஆட்டிசத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குழந்தையைப் பார்த்திருப்பார்.

அதன் பிறகு பள்ளி என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். "எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம், ரெண்டே மாசத்துல பேச வெச்சிடுவோம்" என்று சொல்லும் இடத்திலிருந்து உடனே எழுந்து வந்துவிடலாம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது. "எங்களுக்கு இதுல அனுபவம் கம்மி, ஆனா நீங்க சொல்லுங்க, கத்துக்கறோம்" என்று சொல்லும் இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரலாம். முதலில் சொன்னவர் பேனரை விற்கிறார். இரண்டாமவர் இந்தக் குழந்தையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் சுவர் ஓவியத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கீழே உள்ளவற்றைக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்.

1. ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள்? ஆயாவையும் சேர்த்துச் சொல்கிறார்களா, சேர்க்காமலா?

2. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு எப்படி மாறுகிறார்கள்? திடீரென்று மணி அடித்து எழுப்புகிறார்களா, "இன்னும் அஞ்சு நிமிஷத்துல சாப்பாடு" என்று முன்கூட்டியே சொல்கிறார்களா? அன்றைய வேலைகளைப் படமாக வரிசையாக ஒட்டி வைத்திருந்தால் ரொம்ப நல்லது. பேச்சு வராத குழந்தைக்குப் படம்தான் கடிகாரம்.

3. சத்தம் தாங்காத குழந்தை போய் உட்கார ஓர் அமைதியான மூலை இருக்கிறதா? அந்த மூலை தண்டனைக்கும் பயன்படுகிறதா? பயன்பட்டால் அது அமைதி மூலை இல்லை.

4. டயபர் போட்ட குழந்தையைச் சேர்ப்பார்களா? "டாய்லெட் ட்ரெயினிங் முடிச்சுட்டு வாங்க" என்பது பல குழந்தைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பும் நிபந்தனை.

5. முதல் வாரம் அரை மணி, அடுத்த வாரம் ஒரு மணி என்று மெல்ல மெல்லப் பழக்க ஒத்துக்கொள்வார்களா? அம்மாவோ அப்பாவோ கூட உட்காரலாமா?

6. இதற்கு முன் இப்படி ஒரு குழந்தை இங்கே படித்ததா? அந்தப் பெற்றோர் சம்மதித்தால் அவர்களோடு ஒரு வார்த்தை பேச முடியுமா?

7. "எங்களிடம் ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கிறார்" என்று சொன்னால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவர் பதிவு செய்தவரா? 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு அவசியம். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

இன்னொன்று. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாப் பள்ளியும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு விடும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய் நின்று பார்க்க வேண்டும். களைத்துப்போன மிஸ், பசித்த குழந்தைகள், வாசலில் ஆட்டோ ஹாரன்... அந்த நேரத்தில் அழும் ஒரு குழந்தையிடம் அங்குள்ளவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே எடுத்துவிடலாம்.

அடுத்தது காசு விஷயம். சில பள்ளிகள் சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் ஒரு நிபந்தனையோடு. "ஷேடோ டீச்சர் ஒருத்தரை நீங்களே ஏற்பாடு பண்ணிக்கங்க, சம்பளமும் நீங்களே குடுத்துடுங்க." ஷேடோ டீச்சர் என்றால் அந்த ஒரு குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஆள். சில குழந்தைகளுக்குக் கொஞ்ச காலம் இது உண்மையிலேயே உதவும். ஆனால் சேர்க்கைக்கே இதை நிபந்தனையாக்கும்போது நடப்பது வேறு. பள்ளி செய்ய வேண்டிய செலவு சத்தமில்லாமல் பெற்றோரின் கணக்கில் எழுதப்படுகிறது. ஏற்கெனவே ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் கொடுத்துக் கொடுத்துக் காலியான கணக்கு அது. கழிப்பறை கட்டிய செலவை, அதிகமாகக் கழிப்பறைக்குப் போகும் குழந்தையிடம் எந்தப் பள்ளியாவது தனியாக வசூலிக்கிறதா? இன்னொரு தீமையும் உண்டு. அந்தக் குழந்தை ஷேடோ டீச்சரின் பொறுப்பு என்று ஆகிவிட்டால், வகுப்பு மிஸ் அவன் பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

பள்ளி நடத்துபவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒரு பெரியவரைக் கூடுதலாக வேலைக்கு வைப்பது சிறிய பிளே ஸ்கூலுக்குப் பெரிய செலவுதான். ஆனால் மேலே சொன்ன பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வளவு செலவே இல்லை. ஒரு சார்ட், கொஞ்சம் போட்டோக்கள், ஒரு பாய், ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கும் ஒரு விரல். ஆளுக்கான செலவை மட்டும் யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்காக நியாயமான மாற்றங்களைச் செய்வது நர்சரியின் கடமை. அதற்குக் கைகொடுக்க 2017-ல் ஒரு நிதியும் தொடங்கினார்கள். தகுதியுள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 615 பவுண்டு என்று ஆரம்பித்துப் பிறகு உயர்ந்த தொகை, நேராக நர்சரிக்கே போகிறது. அங்கேயும் இடம் கிடைக்காமல் அலையும் பெற்றோர் இருக்கிறார்கள், எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் அந்தச் செலவு பொதுவில் ஏற்க வேண்டியது என்ற கொள்கையையாவது எழுதி வைத்துவிட்டார்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1995-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற வார்த்தையே இல்லை. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலை 21 வகையாக்கியபோது ஆட்டிசமும் அதில் இடம்பெற்றது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 16-வது பிரிவு. 31-வது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது.

6 வயது முதல்! மூன்று வயதில் அலையும் பெற்றோருக்கு அந்தப் பிரிவால் என்ன பயன்? கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் 2012-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளும் வருகிறார்கள். எல்கேஜி வைத்திருக்கும் தனியார் பள்ளியில் (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி நீங்கலாக) அதைக் கேட்கலாம். அதே சட்டம் சேர்க்கைக்காகக் குழந்தையையும் பெற்றோரையும் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் எல்கேஜிக்கு முந்தைய வயதுக்காக மட்டும் தனியாக நடக்கும் பிளே ஸ்கூல் அந்த ஒதுக்கீட்டுக்குள் வராது. அங்கீகாரமே வாங்காத பிளே ஸ்கூல் என்றால் 16-வது பிரிவிலிருந்தும் நழுவிவிடுகிறது. ஆக, தலையிட்டு உதவுவதற்கு மிகவும் ஏற்ற வயதில்தான் சட்டத்தின் கை எட்டாமல் நிற்கிறது. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி ஓட்டு கேட்டு வருபவர்களிடம் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

அதுவரை எங்கே போவது? பலர் திரும்பிக்கூடப் பார்க்காத ஓர் இடம் தெருவிலேயே இருக்கிறது. அங்கன்வாடி. 1975-ல் தொடங்கிய திட்டம், தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் அதிகமான மையங்கள். மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிக் கண்டறிவது, எப்படிச் சேர்ப்பது என்பதற்கு மத்திய அரசு 2023 நவம்பரில் தனி வழிமுறையே வெளியிட்டது. பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர், அவர்கள் தலையில் ஆயிரம் பதிவேடு என்பதும் உண்மைதான். ஆனாலும் வீட்டுக்குப் பக்கம், ஸ்பீக்கர் அலறாது, ஃபீஸ் கிடையாது, குழந்தையைத் தெருவுக்கே தெரியும். "நம்ம ஸ்டேட்டஸுக்கு அங்கன்வாடியா?" என்று ஒதுக்குபவர்கள் ஒரு முறையாவது உள்ளே போய்ப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு அரசு வழிகளும் உண்டு. 2013-ல் வந்த தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட அளவிலான ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தின் கீழ் விழுதுகள் மையங்களும் வந்திருக்கின்றன. இவை பள்ளிக்கு மாற்று இல்லை. ஆனால் இங்கே உள்ள பயிற்சியாளர் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பு, பிளே ஸ்கூல் மிஸ்ஸுக்குப் பெரிய தைரியத்தைத் தரும்.

கடைசியாக, ஆட்டிசம் இல்லாத குழந்தைகளின் பெற்றோர்களுக்கு. "மத்த பேரண்ட்ஸ் அப்ஜெக்ட் பண்ணுவாங்க" என்று பள்ளிகள் சொல்வது முழுப் பொய் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போடும் ஒரு புகார், ஒரு குழந்தையின் சீட்டைக் காலி செய்துவிடும். அந்தக் குரூப்பில் இன்னொருவர் "பரவாயில்லை, சின்னக் குழந்தைதானே, மிஸ்கிட்ட பேசலாம்" என்று எழுதினால் அதே சீட் நிலைத்துவிடும். உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்பது 2021-ம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் மதிப்பீடு. ஆண்டுக்கு நாற்பது குழந்தைகளைச் சேர்க்கும் பிளே ஸ்கூலுக்கு மூன்று நான்கு வருடத்தில் ஒரு குழந்தையாவது வந்தே தீரும். டிகிரி முடித்துவிட்டு பிளே ஸ்கூல் பிரான்சைஸ் எடுக்கலாம் என்று கணக்குப் போடும் காமர்ஸ் மாணவர்கள் இந்தக் கணக்கையும் கூடவே போட்டுக்கொள்ளட்டும். வரப்போகிறது என்று தெரிந்த குழந்தைக்கு "எங்ககிட்ட அதுக்கான டீச்சர் இல்லை" என்பது பதில் ஆகாது.

பெற்றோர் அந்தப் படிவத்தில் பயமில்லாமல் "ஆமாம்" என்று எழுத வேண்டுமானால், எழுதிய பிறகு என்ன நடக்கும் என்பது மாற வேண்டும். அதை மாற்றும் வேலை பெற்றோருடையது மட்டும் இல்லை. படிவத்தை அச்சடிப்பவர்களுக்கும், அதே வகுப்பில் தங்கள் குழந்தையை உட்கார வைப்பவர்களுக்கும் அதில் பாதிக்கு மேல் பங்கு இருக்கிறது.